லெனின்கிராடில் விட்ட குடை

லெனின்கிராடில் விட்டுவிட்டு வந்த ஒரு குடைக்காக நான் நாற்பது வருஷம் கடலூர் மழையில் நனைந்திருக்கிறேன். ஐப்பசியில் முதுநகர்ப் பக்கம் வானம் கிழிந்து கொட்டுமே, அந்த மழை. சொட்டச் சொட்டப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "குடைதான் லெனின்கிராடுல இருக்கே" என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நான் லெனின்கிராடுக்குப் போனதில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் போன தூர தேசம் நெய்வேலி. பதினெட்டு வயதில், அங்கே வந்திருந்த ரஷ்ய இன்ஜினீயர்களின் சமையற்கட்டில் ஒன்றரை வருஷம் உருளைக்கிழங்கு தோல் சீவினேன். வேலையை விட்டு வரும்போது சாப்பாட்டு டோக்கன் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். பித்தளை வில்லை. அதில் 417 என்று வெட்டியிருந்தது.

பல வருஷம் கழித்து டீக்கடையில் சட்டைப் பையிலிருந்து அது கீழே விழுந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த என் சிநேகிதர் கலியமூர்த்தி எடுத்துப் பார்த்து, "என்ன பாய் இது?" என்றார். "லெனின்கிராடுல கச்சேரி கேக்கப் போனேன். குடைய வாங்கி வெச்சிக்கிட்டு இதக் குடுத்தானுங்க. திரும்பி வாங்க மறந்துட்டேன்" என்று வாய் சொல்லிவிட்டது. வாய் முந்திக்கொண்டால் ஆள் என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் குடையை அலமாரிக்குப் பின்னால் செருகினேன். லெனின்கிராடில் இருக்கிற குடை முதுநகரில் நடமாடக் கூடாது. என் மனைவி ஆசியா உம்மாள் பார்த்துவிட்டு, "அது என்னாங்க தப்பு பண்ணிச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

குடை உள்ளே போனதும் கதை வெளியே கிளம்பியது. குளிரில் டீ கெட்டிலிலிருந்து குச்சியாக வந்ததால் உடைத்துக் கடித்துக் குடித்தோம். பெரிய முரசை ஒருவன் அடித்த அடியில் நாலு தெரு தள்ளி ஒரு கூரைப் பனி சரிந்து, கீழே நின்ற தபால்காரர் வசந்த காலத்தில்தான் கடிதங்களோடு வெளியே வந்தார். கச்சேரியைக் குச்சி வைத்து நடத்துகிறவர் கை வீசியதில் குச்சி பறந்து என் மடியில் விழுந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். "மூச்சு வாங்குது தம்பி, கொஞ்சம் நீயே நடத்து" என்றார். பதினோரு நிமிஷம் நடத்தினேன். பத்து என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பதினொன்று என்றால் நம்புவார்கள்.

இத்தனையும் யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, சிந்துஜா வரும்வரை.

சிந்துஜா தேவனாம்பட்டினத்துச் சின்னையனின் மகள். சின்னையன் கடலுக்குப் போகிறவன். எனக்கு டீக்கடைச் சிநேகிதன், மச்சான் முறை வைத்துப் பேசுவான். அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் ஆரம்பித்து, பஸூன் என்கிற ஆள் உயர மரக்குழலில் வந்து நின்றாள். நெஞ்சுக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து ஊத வேண்டும். குழலின் வாய் மேலே கூரையைப் பார்த்திருக்கும். குப்பத்தில் எல்லோரும் அதைத் துடுப்பு என்றுதான் சொல்வார்கள். "ஒம் பொண்ணு துடுப்ப ஊதுதாமே?" என்பார்கள். "நீ வலிக்கிறத அது ஊதுது, ஒனக்கென்ன?" என்பான் சின்னையன்.

போன ஆடி மாதம் எழுபது பேர் கொண்ட ஒரு பெரிய வாத்தியக் குழு வந்தது. பாதி ரஷ்யர்கள், பாதி நம்மவர்கள். போன நூற்றாண்டின் ரஷ்ய இசை மட்டும் வாசிப்பார்கள். பாதி கச்சேரிக்கென்று எழுதியது, பாதி பாலே நடனத்துக்கு எழுதியது. சென்னையில் ஒரு நாள், புதுச்சேரியில் ஒரு நாள். நடுவில் ஒரு நாள் சும்மா இருந்தது. குழுவில் சோதனைக்காக எடுத்திருந்த சிந்துஜா அவர்களிடம் போய், "எங்க ஊர்ப் பக்கம் வாங்க. எங்க ஜலீல் மாமா லெனின்கிராடுல இருந்தவரு. ஜனங்க எங்க கைதட்டணும், எங்க தட்டக் கூடாதுன்னு அவரு சொல்லிக் குடுப்பாரு" என்றிருக்கிறாள்.

ஏற்பாடு முழுக்கக் கலியமூர்த்தி. அவர் ரிடையர் ஆன நாளிலிருந்து இந்திய ரஷ்ய நட்புறவு மன்றம் ஒன்றுக்குத் தலைவர். மன்றத்தில் ஐந்து பேர், நானும் ஒருவன். எழுபது நாற்காலி கொள்ளும் மேடை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் கிடைத்தது. ரெண்டு வீட்டுச் சொந்தமும் ஒரே போட்டோவில் அடங்கட்டும் என்று கட்டிய மேடை. மேலே, மணமக்கள் தலையில் பூக்கொட்ட நாலு கொக்கி இருந்தது. கலியமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு விட மாட்டேன் என்றார். சின்னையன் தன் வலையையே கொண்டுவந்து, இருபது கிலோ சாமந்தி இதழை அதில் கொட்டி, மேடைக்கு மேலே கட்டினான். ஒரு கயிறு. இழுத்தால் வலை ஒரு பக்கம் அவிழும்.

"பொண்ணு கச்சேரி பாய். நானே இழுக்கறேன்" என்றான்.

"எப்ப இழுக்கறது?" என்று கலியமூர்த்தி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"முடிஞ்ச ஒடனே" என்றேன்.

"முடிஞ்சிதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டு மணி நேரம் எல்லாம் ஒரே மாதிரி கேக்கும்போல."

"கடைசீல கெட்டி மேளம் மாதிரி வரும்யா. எல்லாரும் சேந்து அடிப்பாங்க. அதோட சரி. நான் கைக்குட்டையத் தூக்குறேன். மச்சான் கயித்த இழுக்கட்டும், நீங்க பொன்னாடைய எடுத்துக்கிட்டு மேல ஏறுங்க."

"பதினோரு நிமிஷம் நடத்துன கை. சும்மாவா" என்றார் கலியமூர்த்தி.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்து வாசலில் சிந்துஜா என்னைத் தேடி வந்தாள். கறுப்புச் சேலை, கழுத்தில் குழல் மாட்டும் வார். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, இன்னிக்கி நான் ஊதறத வெச்சித்தான் எடுக்கறதா வேணாமான்னு நடத்தறவரு சொல்லப் போறாரு. எடுத்தா ரெண்டு வருஷம் அவுங்களோட ரஷ்யாவுக்குப் போலாம். இல்லன்னா நாளையோட கணக்கு தீந்துது."

"எடுப்பாரு, எடுப்பாரு."

"மூணாவது பாட்டுல எனக்குத் தனியா ஒரு எடம் இருக்கு மாமா. அதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து..."

அவள் சொல்ல வந்ததை நான் கேட்கவில்லை. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், மன்றத்து ஆட்கள். "எனக்கேவா?" என்றேன். "அந்தப் பாட்டத்தானே நான் பதினோரு நிமிஷம் நடத்துனேன். போம்மா, போய் தண்ணி குடி."

நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தைரியம் வந்தவள் போல உள்ளே போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஐந்து மணிக்கு அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். நோட்டீஸில் பாலே என்று போட்டிருந்ததால் முன்வரிசையில் ஒருவர், "டான்ஸ் எங்க பாய்?" என்றார். "வாசிக்கறவங்களுக்கு மட்டும்தான் விசா கெடச்சிது" என்றேன். அவர் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுச் சமாதானமானார்.

முதல் பாட்டு முடிந்ததும் குச்சிக்காரர் திரும்பிக் குனிந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. நான் கைதட்டினேன், ஜனங்கள் தட்டினார்கள். இரண்டாவதும் அப்படியே. என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள், நான் அவரைப் பார்த்துத் தட்டுகிறேன். லெனின்கிராடுக்குப் போயிருந்தாலும் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

மூன்றாவது பாட்டு ஆரம்பத்திலிருந்தே ஒரு தினுசாக இருந்தது. வயலின்காரர்கள் வாசிப்பதை விட்டு அரிவாளால் வெட்டுவது போல வெட்டினார்கள். பித்தளைக் குழல்கள் மூலைக்கு மூலை சண்டை பிடித்தன. சத்தம் ஏறிக்கொண்டே போனது. மண்டபத்தில் யாரும் மூச்சு விடவில்லை. முரசுகள் சேர்ந்துகொண்டன. எழுபது பேரும் ஒன்றாக ஓர் அடி அடித்தார்கள். என் பல்செட் ஆடியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அறுநூறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு செருமல்கூட இல்லை.

கெட்டி மேளம் ஆயிற்று. ஆனால் குச்சிக்காரர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கையையும் நெஞ்சு உயரத்துக்கு ஏந்தி அப்படியே நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மனிதர் முடித்துவிட்டு துஆ கேட்கிறார். வெள்ளைக்காரனாக இருந்தாலும் என்ன பக்தி என்று நினைத்தேன். மெதுவாக "ஆமீன்" சொன்னேன். கைக்குட்டையைத் தூக்கினேன்.

சின்னையன் கயிற்றை இழுத்தான். முப்பது வருஷம் வலை இழுத்த கை. ஒரு பக்கம் அவிழ வேண்டிய வலை முழுசாக அவிழ்ந்து, இருபது கிலோ சாமந்தியும் எழுபது பேர் தலையில் ஒரே நேரத்தில் இறங்கியது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கலியமூர்த்தி நாலே எட்டில் மேடை ஏறி, ஏந்திய கையோடு நின்றவரைச் சுற்றிப் பொன்னாடையைப் போர்த்தி, நழுவாமல் இருக்க முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ரெண்டு கையும் உள்ளே மாட்டிக்கொண்டன.

நான் சிந்துஜாவைப் பார்த்தேன். குழலின் முனை அவள் உதட்டில் இருந்தது. கன்னம் உள்வாங்கி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து வைத்திருந்தாள். கண் குச்சிக்காரரின் கைமேல் இருந்தது. அந்தக் கை பொன்னாடைக்குள் இருந்தது. மேலே பார்த்த குழல்வாய்க்குள் இதழ்கள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தன. இழுத்த மூச்சை அவள் எங்கேயும் விடவில்லை. அப்பனைப் பார்த்தாள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான் சின்னையன். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

குச்சிக்காரர் பொன்னாடையிலிருந்து வெளியே வந்து அவளிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். சத்தம் போடவில்லை. அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள். தலை குனிந்தே இருந்தது. அவர் சபையைப் பார்த்துக் கையை நீட்டி மறுபடி கேட்டார். கலியமூர்த்திக்கு அது புரிந்துவிட்டது. "தெரிஞ்சவரு யாருன்னு கேக்கறாரு. வாங்க பாய், வாங்க" என்று என்னை இழுத்து மேடையில் ஏற்றி, மைக்கையும் கையில் கொடுத்தார்.

குச்சிக்காரர் என்னைப் பார்த்து ரஷ்ய மொழியில் பேசினார். நீளமாகப் பேசினார். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. அறுநூறு பேரும் என் பதிலுக்காக உட்கார்ந்தார்கள்.

எனக்கு ரஷ்ய மொழியில் நாலு வார்த்தை தெரியும். உருளைக்கிழங்கு, உப்பு, வெந்நீர், போதும். முதலாவதுதான் வாயில் வந்தது.

"கர்தோஷ்கா" என்றேன்.

"கர்தோஷ்கா?" என்றார் அவர்.

ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் சிந்துஜா பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் குழலை வாரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.

நாற்பது வருஷத்தில் என் வாய் முதல்முறையாக என்னைக் கேட்டுவிட்டுப் பேசியது. "நான் லெனின்கிராடுக்குப் போனதே இல்ல" என்றேன், மைக்கில். "நெய்வேலியில உருளக்கெழங்கு தோல் சீவுனேன். இந்தப் பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு சாயங்காலம் சொல்ல வந்துது, நாலு பேரு முன்னாடி கெத்து போவக் கூடாதுன்னு நான் கேக்கல. தப்பு என்னுது. பொண்ணுது இல்ல. அத அவருகிட்ட யாராவது சொல்லுங்க."

சொல்ல அங்கே வேறு யார் இருந்தார்கள்? அவளே சொன்னாள். நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள். தோல் சீவுவதற்குக் கையால் காட்டினாள். என் பொய்யைக் கேட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அதை நான் மறுக்கும்போதும் எனக்கு வேலை செய்தது. கலியமூர்த்தி என் காதில், "என்ன பாய், சபையில இப்படித் தாழ்த்திப் பேசுறீங்க?" என்றார்.

குச்சிக்காரர் பொன்னாடையை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். தாடியிலிருந்து ஒரு இதழை எடுத்தார். ஆட்களைப் பார்த்து ஏதோ ஓர் எண் சொன்னார். எல்லோரும் பக்கத்தைப் பின்னால் புரட்டினார்கள். சிந்துஜா குழலைக் கவிழ்த்துத் தட்டினாள். சாமந்தி கொட்டியது.

அங்கே உட்கார எனக்கு முகமில்லை. பக்க வழியாகப் பந்திக் கூடத்தைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். செல்லாயி என்கிற சமையற்காரம்மா இரண்டு மூட்டை உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"நல்லா சீவுறீங்களே பாய்" என்றாள்.

"அது ஒண்ணுதான் நெஜமாவே கத்துக்கிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏறியது. கெட்டி மேளம் வந்தது, அந்த ஓர் அடியும் விழுந்தது. "கிரைண்டர நிறுத்தும்மா" என்றேன். நிறுத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் கையில் பாதி சீவிய கிழங்கோடு இருந்தேன். அப்புறம் அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. ஆரம்பத்தில் லேசாகக் கரகரத்தது. ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது நிற்கவில்லை. கரகரப்பைத் தாண்டி, தனியாக, நேராகப் போனது.

எதற்கும் ஓர் உவமை சொல்வது எனக்குக் கைவந்த வேலை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"யாரு பாய் அழுவுறது?" என்றாள் செல்லாயி.

"சின்னையன் பொண்ணு ஊதுது."

"நல்லாத்தான் அழுவுது" என்று சொல்லி, முடியும்வரை கிரைண்டரைத் தொடவில்லை.

பந்தியில் நான்தான் பரிமாறினேன். குச்சிக்காரர் இலையில் பொரியலை வைத்தபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "கர்தோஷ்கா" என்றார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். சிந்துஜா அடுத்த வரிசையில் இருந்தாள். அவள் இலையிலும் பொரியல் வைத்தேன்.

"என்னம்மா சொன்னாரு?"

"இன்னும் சொல்லல. மொத சொரம் ஒடஞ்சிது, பூவால ஒடஞ்சிதா என்னால ஒடஞ்சிதான்னு தெரியலயாம். நாளைக்குப் பாண்டில கேட்டுட்டுச் சொல்றேன்னாரு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் அதச் சொல்லத்தான் வந்தேன் மாமா. அது முடிவு இல்ல, அங்கதான் நான் வரேன்னு."

"தெரியும்மா."

"அப்பத் தெரியல" என்றாள்.

கடலூர் பஸ்ஸில் சின்னையன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். வலையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தான். அதில் ஒட்டிக்கிடந்த சாமந்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே வந்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும், "கைக்குட்டையத் தூக்குன, இழுத்தேன் மச்சான்" என்றான். "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். வீட்டுக்கு வந்து ஆசியாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அது திட்டியதை விட ஜாஸ்தியாக வலித்தது.

மறுநாள் சாயங்காலம் வரை நான் தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. வயசாளி என்ன பெரிசாகக் கேட்டேன், ஒரு சுரம் உடையக் கூடாது, அவ்வளவுதான். இஷா தொழுகைக்கு முன்னால் சின்னையன் போன் செய்தான். "எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

டீக்கடையில் நிம்மதி கிடைக்கும் என்று போனேன். ஊரே முன்னால் ஒப்புக்கொண்டவனை நாலு பேர் நாலு வார்த்தை கேட்பார்கள், வாங்கிக்கொண்டால் பாரம் இறங்கும். கலியமூர்த்தி எழுந்து இடம் கொடுத்தார். "என்னா தன்னடக்கம்! பொண்ணு மேல பழி வரக் கூடாதுன்னு, போன எடத்துக்கே போகலன்னுட்டாரு பாய். அந்த ரஷ்யாக்காரர்கிட்ட ஒரே வார்த்த பேசுனாரு, ஆளு அடங்கிட்டான்." நான் மறுத்தேன். மறுக்க மறுக்கக் கதை கெட்டிப்பட்டது.

ஐப்பசியில் சிந்துஜா லெனின்கிராடிலிருந்து போனில் கூப்பிட்டாள். ஊருக்கு இப்போது வேறு பெயராம்.

"மாமா, கச்சேரி ஹால்ல நெஜமாவே கோட்டு, குடையெல்லாம் வாங்கி வெச்சிக்கிறாங்க. டோக்கன் குடுக்கறாங்க. நம்பர் போட்டு. உங்க நம்பர் என்ன?"

கேலி செய்கிறாளா என்று குரலில் தேடினேன். தெரியவில்லை. எதிரே ஆசியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சொல்லுங்களேன்," என்றாள், "நானூத்திப் பதினேழுன்னு."

"குடை இங்கதாம்மா இருக்கு" என்றேன். "அலமாரிக்குப் பின்னால. எங்கயும் போகல."

"எடுத்து விரிச்சி வைங்க மாமா. துணி மக்கிருக்கும்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

எடுத்தேன். இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது, கம்பி துருப்பிடித்திருந்தது, ஆனாலும் விரிந்தது. வெளியே நல்ல மழை. நாற்பது வருஷத்தில் முதல்முறையாகத் தலை நனையாமல் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் பார்க்கட்டும், இதுதான் சாட்சி என்று குடையை மடக்கிப் பெஞ்சின்மேல் வைத்தேன்.

கலியமூர்த்தி அதைத் தொட்டுப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"குடுத்தனுப்பிட்டாளா சின்னையன் பொண்ணு?" என்றார். பிறகு கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒருவரிடம் திரும்பி, "நாப்பது வருஷம் இவருக்காக அந்த ரஷ்யாக்காரன் பத்திரமா வெச்சிருந்துருக்கான்யா. டோக்கன் மட்டும்தான் இவருகிட்ட" என்று ஆரம்பித்தார்.

மூலையில் சின்னையன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸுக்கு மேலாக என்னையே பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மழை விடவில்லை. விரிக்க மனசு வரவில்லை.